தோழன் கூடப் போகாத நாள்

மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு, வருகிற வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னதாக, மாமா பதில் சொல்லிவிடுவார்.

அப்படித்தான் அவரே சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

"இந்தப் பிரபஞ்சத்துல நாம தனியா இருக்கோமா, துணைக்கு ஆள் உண்டா? உயிர்னு ஒன்னு எங்க ஆரம்பிச்சுது? கேள்வி ரெண்டு. பதில் ஒன்னு. வியாழக்கிழமை சொல்றேன். எழுதி வச்சுக்கோ."

வாண்டு எழுதி வைத்துக்கொள்ளவில்லை. கையில் பென்சில் இருந்தது. ஆனால் பின்னக் கணக்கு ஒன்று பாதியில் நின்றுகொண்டிருந்தது.

"வியாழக்கிழமை எனக்குக் கணக்கு டெஸ்ட் மாமா."

"பரவாயில்ல. ரெண்டும் நடக்கட்டும்," என்று பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்தார் மாமா.

மாமா, அம்மாவின் தம்பி. படிப்பை முடித்துவிட்டு, போன மாதம்தான் அம்மா வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்திருந்தார். விஞ்ஞானி என்றால் தாடி வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதையும் போன மாதம்தான் ஆரம்பித்திருந்தார். கன்னத்தில் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், நடுவில் பொட்டல் வெளி. யோசிக்கும்போதெல்லாம் இருக்கிற முடியைத் தடவிக்கொள்வார். இல்லாத இடத்தையும் தடவிக்கொள்வார்.

வாண்டுவுக்கு வயது பத்து. பள்ளி விட்டதும் வேன் அவளை ஆராய்ச்சிக்கூட வாசலில்தான் இறக்கிவிடும். அப்பாவுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் யாரும் கிடையாது. அதனால் அம்மா வேலை முடித்து வரும்வரை பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு சோபா, ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் செடி. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் உலகம். எல்லாம் தெரியும், எதுவும் கேட்காது.

அந்த உலகத்தில் எல்லோருக்கும் களைப்பு.

அதற்குக் காரணம் ஒரு சிட்டிகை மண். சூரியனைச் சுற்றித் திரியும் ஒரு சின்னப் பாறைக்கு ஒரு விண்கலம் போய், கொஞ்சம் மண்ணைச் சுரண்டிக்கொண்டு திரும்பி வந்தது. பல ஆராய்ச்சிக்கூடங்கள் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. அம்மாவின் கூடத்துக்குக் கிடைத்தது ஒரு தேக்கரண்டியின் நுனியில் அடங்கும்.

பூமி சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் இதுபோன்ற கற்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தனவாம். உயிருக்கு வேண்டிய சாமான்களை அவைதான் மூட்டை கட்டிக்கொண்டு வந்தனவா? அங்கேயே ஏதாவது உயிர் இருந்ததா? இதுதான் அம்மாவின் கேள்வி. வாண்டு கைக்குழந்தையாக இருந்தபோது கேட்க ஆரம்பித்தது. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், பூமியில் உயிர் எங்கே பார்த்தாலும் இருக்கிறது. மூச்சில் இருக்கிறது. விரலில் இருக்கிறது. கதவுக் கைப்பிடியில் குடும்பம் நடத்துகிறது. அது அந்த மண்ணில் ஒட்டிக்கொண்டால் போச்சு. அதனால் உயிரைத் தேடுகிற இடத்தில் உயிருக்கு அனுமதி கிடையாது. செடிகூட பிளாஸ்டிக்தான். உள்ளே போகிறவர்கள் வாசலில் ஒட்டும் பாயில் மிதித்து, செருப்பு மாற்றி, தலைக்கு உறை, முகத்துக்கு மூடி, கைக்கு இரண்டு அடுக்கு உறை போட்டுக்கொண்டு போக வேண்டும். உள்ளே போய் மூக்கு அரித்தால் அரித்ததுதான்.

வீட்டிலும் வாசனை சோப்பு இல்லை, பவுடர் இல்லை, தலைக்கு வாசனை எண்ணெய் இல்லை. கையுறையிலேயே கிடந்து கிடந்து அம்மாவின் உள்ளங்கை உரிந்து போயிருக்கும். தலை வாரிவிடும்போது வாண்டுவின் முடி அதில் மாட்டும். வாண்டு "ஆ" என்று சொல்வதில்லை.

மண்ணைக் கழுவிய தண்ணீரை ஒரு பெரிய மெஷினுக்குள் விட்டால், அது ஒரு காகிதத்தில் கோடு போடும். ஏதாவது இருந்தால் கோடு மலை மாதிரி எழும்பும். ஒன்றும் இல்லையென்றால் நேராக ஓடும். அதற்கு அங்கே 'ரோடு' என்று பெயர்.

"இன்னைக்கு என்னம்மா?"

"ரோடுதான் கண்ணு. வா, போலாம்."

இப்படித்தான் பெரும்பாலான மாலைகள் முடிந்தன. வருடக்கணக்கில் ரோடு. அந்த ரோட்டை எல்லாம் ஒட்டிப்போட்டால் அப்பாவின் கப்பல் நிற்கும் துறைமுகம்வரை போய் வந்துவிடலாம்.

மண்ணை எடுத்துப் போகிற வேலை குழாய் அக்காவுடையது. கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவதும் காப்பதும் அவர்தான் என்பதால் அந்தப் பெயர். குளிர் அறையிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து நீள நடை வழியாக மெஷினுக்கு. இந்த ஊர்வலத்தில் எப்போதும் இரண்டு குழாய்கள் போகும். ஒன்றில் மண். மற்றதில் ஒன்றுமே இருக்காது.

மண் இருக்கிற குழாய்க்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். வெறுங்குழாய்க்குப் பெயர் 'தோழன்'. மாப்பிள்ளை போகும் இடமெல்லாம் தோழனும் போக வேண்டும். மாப்பிள்ளைக்கு மூடி திறந்தால் தோழனுக்கும் மூடி திறக்க வேண்டும். மாப்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினால் தோழனுக்கும் அதே தண்ணீர். அதே கை, அதே இடம், அதே நேரம். குழாய் அக்கா இரண்டு கையாலும் தோழனைப் பிடித்துக்கொண்டு, நிரம்பி வழிகிற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர் மாதிரி நடப்பார்.

அந்த வாரம் குழாய் அக்கா மாடிப்படியில் வழுக்கிக் காலில் கட்டு போட்டுக்கொண்டார். வியாழக்கிழமைச் சோதனைக்கு அந்த வேலை மாமாவிடம் வந்தது.

"காலிக் குழாயைத் தூக்கிக்கிட்டு நடக்க ஒரு ஆளாம்!" என்றார் மாமா வாண்டுவிடம். "கிணத்துல தண்ணி இல்லன்னு பார்த்த பிறகும் வாளியை மெதுவா இழுக்கிற மாதிரி இருக்கு. நான் இங்க ஒன்னுமில்லாததைச் சுமக்க வரல வாண்டு. ஒன்னு இருக்குன்னு காட்ட வந்திருக்கேன்."

"அம்மாகிட்ட இப்படிச் சொன்னீங்களா?"

"அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்ல முடியுமா?" என்று தாடியைத் தடவிக்கொண்டார்.

வியாழக்கிழமை கணக்கு டெஸ்ட் மதியத்துக்குள் முடிந்தது. முடிந்தது என்று மட்டும் சொல்லலாம். மதியத்தோடு பள்ளி விட்டுவிட்டார்கள். வாண்டு பார்வையாளர் அறைக்கு வந்து சேர்ந்தபோது, மாமா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆரம்பித்திருந்தார். சாப்பாட்டுக்கு முன்பு என்பது கொஞ்சம் தள்ளிப்போயிருந்தது. அம்மா மாடியில் டைரக்டரோடு கூட்டத்தில் இருந்தார்.

மாமா தோழனைக் கண்ணாடி ஓரத்து ஸ்டாண்டில், மூடியைக்கூடத் திறக்காமல், நிறுத்தி வைத்தார். வாண்டுவைப் பார்த்துக் கண்ணடித்தார். தோழனுக்கு ஒரு சல்யூட் அடித்தார். வாண்டு சிரித்துவிட்டாள்.

பிறகு மாப்பிள்ளையை மட்டும் மேசைக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தார். மூச்சு முட்டியது போலிருக்கிறது. முகமூடியை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். குழாயைத் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தார். யோசித்தார். யோசித்தபோது கையுறைக் கையால் தாடியைத் தடவினார். அதே கையால் குழாயின் வாயைத் துடைத்தார். தண்ணீர் ஊற்றினார், மூடினார், நடந்தார். எல்லாம் முடிந்து வந்து, முகமூடியை ஏற்றி, புதுக் கையுறை மாட்டி, தோழனுக்கும் கொஞ்சம் தண்ணீரை ஊற்றி, நேராக மெஷினுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

பிறகு வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. வாண்டு சோபாவில் தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓடக்கூடாத இடத்தில் ஓடினார்கள். டைரக்டர் கை தட்டினார். மாமா ஒரு காகிதத்தைக் கொடி மாதிரி ஆட்டினார். அதில் ஒரு மலை நின்றது.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சிரித்தார். சாலை விளக்கில் வண்டி நின்றபோது காரணமே இல்லாமல் சிரித்தார். வாண்டு அம்மாவின் பல் வரிசையை அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை.

"அது ஒரு வகைக் கொழுப்பு கண்ணு. உயிருள்ளது மட்டும்தான் அந்த மாதிரி செய்யும். கல்லும் மண்ணும் தானா செய்யாது," என்றார் அம்மா, சாப்பிட உட்கார்ந்ததும். "சனிக்கிழமை டைரக்டர் எல்லாப் பத்திரிகைக்காரங்களையும் கூப்பிட்டிருக்கார். நான்தான் பேசணுமாம்."

"இன்னொரு தடவை பார்க்க வேண்டாமாம்மா?"

"நானும் கேட்டேன். மண்ணு ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு, ஏன் வீணாக்கணும்கறார். எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. ஆனா தோழன் சுத்தம். ரோடு மாதிரி சுத்தம். அழுக்கு நம்மகிட்டேருந்து வந்திருந்தா, மாப்பிள்ளை போன இடமெல்லாம் தோழனும் போயிருக்கானே, அவன்மேலயும் ஒட்டியிருக்கணும் இல்ல? ஒட்டல. அப்ப அது அந்த மண்ணுலயே இருந்தது."

வாண்டுவின் கை தட்டில் நின்றது.

"தோழன் கூடவே போனானா?"

"பின்ன? அதுதானே அவன் வேலை. ஏன்?"

அம்மாவின் கண்ணுக்குக் கீழே கறுப்பு வட்டம் இருந்தது. ஆனால் கண்ணில் வெளிச்சம் இருந்தது. இன்னும் ஒரு வாய் சாப்பிடுவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார் போலிருந்தது, சிரித்துக்கொண்டே.

"ஒன்னும் இல்லம்மா," என்றாள் வாண்டு.

படுத்த பிறகு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் சனிக்கிழமை அம்மா எல்லார் முன்னாலும் நின்று சொல்வார். பிறகு ஒருநாள் வேறு யாராவது பார்த்து, அது இல்லை என்று சொல்வார்கள். அப்போது உலகமே அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும். மாமாவைக் காட்டிக்கொடுத்தாலோ, அவரை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். பின்னக் கணக்குகூட இவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

காலையில் பள்ளியிலிருந்து செய்தி வந்தது. தண்ணீர்த் தொட்டி உடைந்து வகுப்பெல்லாம் வெள்ளமாம். விடுமுறை. வாண்டு அம்மாவோடு கிளம்பினாள்.

பார்வையாளர் அறையில் மாமா ஏற்கெனவே இருந்தார். பிளாஸ்டிக் செடிக்கு முன்னால் நின்று சொற்பொழிவு பழகிக்கொண்டிருந்தார்.

"மனிதகுலமே! இனி நீ தனிமையில் வாடவேண்டாம்..."

செடி வாடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"மாமா, பேசப் போறது அம்மாதானே?"

"நடுவுல அக்காவுக்குத் தொண்டை கட்டிச்சுன்னா? தயாரா இருக்கணும்ல."

வாண்டு கதவைச் சாத்தினாள்.

"மாமா, நேத்து தோழனை நீங்க கூட்டிட்டுப் போகல. இந்த ஸ்டாண்டுலதான் நின்னுட்டு இருந்தான். நான் பார்த்தேன்."

மாமா செடியின் ஓர் இலையைத் துடைத்தார். அது துடைக்கவேண்டிய நிலையில் இல்லை.

"கடைசியில கொண்டுபோனேனே."

"கடைசியில மட்டும். அதுவரைக்கும் மூடிகூடத் திறக்கல. சும்மா நின்னவன் சுத்தமாத்தானே இருப்பான்?"

"வாண்டு, நீ அஞ்சாவதுதானே படிக்கிற?"

"ஆமா."

"அப்ப இதெல்லாம் உனக்குப் புரியாது."

"உங்களுக்குப் புரிஞ்சா சரி மாமா."

மாமா சோபாவில் உட்கார்ந்தார். மெதுவான குரலில் கேட்டார். "அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"முதல்ல நீங்க பார்த்துக்கணும்னுதான். ஒருவேளை நான் நினைக்கிறது தப்பா இருக்கலாம். இல்ல?"

மாமா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "தப்புதான்! நிச்சயமா தப்புதான்!"

"அப்ப மாப்பிள்ளையைத் தொடவே வேண்டாம். இன்னொரு காலிக் குழாயை எடுங்க. நேத்து மாப்பிள்ளையை என்னென்ன பண்ணீங்களோ, அதையே இவனுக்கும் பண்ணுங்க. நான் இங்கேருந்து பார்த்துச் சொல்றேன். ரோடு வந்துச்சுன்னா நான் இனிமே வாயே திறக்க மாட்டேன்."

"உன் வாயை அடைக்கிறதுக்காகவாவது செய்றேன்," என்று எழுந்தார் மாமா.

அப்புறம் நடந்ததை யாராவது வெளியிலிருந்து பார்த்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா, தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடையில், ஒரு காலிக் குழாயோடு நின்றார். இந்தப் பக்கம் வாண்டு சோபாமேல் ஏறி நின்று கையால் ஜாடை காட்டினாள்.

மூடியைத் திறங்க. திறந்தார்.

முகமூடியைக் கீழே இழுங்க. மாமா தலையை ஆட்டினார்: நான் அப்படிச் செய்யவே இல்லை. வாண்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். மாமா முகமூடியைக் கீழே இழுத்தார்.

யோசிங்க. வாண்டு தன் நெற்றியைத் தட்டிக் காட்டினாள். மாமா யோசிப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டார். வயிற்றுவலி வந்தவர் மாதிரி இருந்தது.

இப்ப தாடி. வாண்டு தன் கன்னத்தைத் தடவிக் காட்டினாள். இல்லாத தாடியை அவள் தடவியது மாமா தடவுவதைப் போலவே இருந்தது. மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பார்க்காத மாதிரி இருந்தார். வாண்டு விடவில்லை. தடவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் மாமா கையை உயர்த்தி, தாடியைத் தடவினார்.

தடவிய கை அப்படியே நின்றது. கையுறையைத் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்தார். விரல் நுனி மினுமினுத்தது.

வாண்டு ஜாடை காட்டுவதை நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் காட்ட வேண்டியிருக்கவில்லை. மாமாவே அந்தக் கையால் குழாயின் வாயைத் துடைத்தார், தண்ணீர் ஊற்றினார், மூடினார். நீள நடையில் மெஷினை நோக்கி நடந்தார். முந்தின நாள் நடந்த வேகம் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமா வெளியே வந்து வாண்டுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பிளாஸ்டிக் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாடிக்கு என்ன மாமா போடுறீங்க?"

மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். 'அடர்த்தியான தாடிக்கு. நூறு சதவீதம் தாவர எண்ணெய்' என்று போட்டிருந்தது.

"உயிருள்ளதுலேருந்து எடுத்ததுதான்," என்றாள் வாண்டு.

"ஆமா. ஆனா ரொம்பத் தூரத்துலேருந்து வந்தது இல்ல. தெருமுனைக் கடை."

"அடர்த்தியாவாவது ஆச்சா?"

"அதுவும் இல்ல."

மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. மாமா போய்க் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு மலை இருந்தது. முந்தின நாள் நின்ற அதே இடத்தில், அதே உயரத்தில், கூப்பிட்டதும் வந்த ஆள் மாதிரி நிமிர்ந்து நின்றது. குழாயில் மண்ணே இல்லாமல்.

"அக்கா என்னைக் கொன்னுடுவா," என்றார் மாமா.

"கொல்ல மாட்டாங்க மாமா. அம்மாவுக்கு அவ்வளவு தெம்பு இல்ல."

மாமா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"நீயே போய்ச் சொல்லிடேன் வாண்டு. சின்னப் பொண்ணு சொன்னா கோபம் வராது."

வாண்டு யோசித்துப் பார்த்தாள். "நான் கூட வரேன். ஆனா நீங்க சொல்லுங்க. நான் சொன்னா அது கோள். நீங்க சொன்னா அது ரிசல்ட்."

அம்மாவின் அறையில் சனிக்கிழமைக்கான பேச்சு பாதி எழுதிக் கிடந்தது. அதன்மேல் கன்னத்தை வைத்து அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். மாமா வாசலிலேயே நின்றார். "பாவம், தூங்கட்டும். அப்புறம் வருவோம்," என்று மெல்லத் திரும்பினார்.

வாண்டு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"அக்கா," என்றார் மாமா.

அம்மா நிமிர்ந்தார். கன்னத்தில் பேனா மை ஒட்டியிருந்தது. மாமா சொல்ல ஆரம்பித்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார். தோழனை விட்டுவிட்டுப் போனதையும், முகமூடியை இறக்கியதையும், தாடியையும், எண்ணெயையும் சொன்னார். அவர் பேசி வாண்டு கேட்டதிலேயே குறைவான பேச்சு அதுதான்.

அம்மா இரண்டு காகிதங்களையும் வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இரண்டு மலைகளும் ஒரே மலையாகத் தெரிந்தன. கையை இறக்கவே இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். வாண்டுவுக்கு அந்தக் காகிதத்தைப் பிடுங்கி ஒளித்துவைத்துவிடலாமா என்று இருந்தது.

"தாடியா?" என்றார் அம்மா கடைசியில்.

"ம்."

"அந்தத் தாடியா?"

"ம்."

அம்மாவின் தோள் குலுங்கியது. வாண்டு பயந்துவிட்டாள். அம்மா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, வாயில் சிரிப்பு வந்தது. வாண்டு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அம்மா குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். மை கன்னம் முழுக்கப் பரவியது.

"மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"ஒரு தடவைக்குப் போதும் அக்கா. கண்டிப்பாப் போதும்."

அம்மா டைரக்டருக்குப் போன் போட்டார். அவர் பேசியது அறை முழுக்கக் கேட்டது. வார்த்தை புரியவில்லை, சத்தம் மட்டும் புரிந்தது. அம்மா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஆமா சார்... இல்ல சார்... பத்திரிகைக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிடுங்க சார்," என்றார். பிறகு, "தப்பு நடந்தது எங்களாலதான். கண்டுபிடிச்சதும் நாங்கதான். வெளியாள் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே," என்றார். அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் குறைந்தது. வைத்துவிட்டார்.

"நான் வேலைக்கு வர வேண்டாமா அக்கா?" என்றார் மாமா.

"நாளைக்குக் காலையில வரணும். மறுபடி முதல்லேருந்து பார்க்கணும். முகத்தைச் சுத்தமாக் கழுவிட்டு வா."

மாமா தலையை ஆட்டிவிட்டுப் போனார். அம்மா பாதி எழுதிய பேச்சை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நாற்காலியில் சாய்ந்து வாண்டுவைப் பார்த்தார்.

"நேத்து சாப்பிடறப்பவே உனக்குத் தெரியும், இல்ல?"

"ம்."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"நீ சிரிச்சுட்டு இருந்தியேம்மா."

அம்மா வாண்டுவைப் பக்கத்தில் இழுத்து முடியை ஒதுக்கிவிட்டார். உரிந்த கையில் முடி மாட்டியது.

"ஆ," என்றாள் வாண்டு.

"வலிக்குதா? இத்தனை நாள் சொல்லவே இல்லையேடி!"

"இன்னைக்கு எல்லாரும் சொல்ற நாள்தானேம்மா."

அன்று அவர்கள் சீக்கிரமே வீட்டுக்குப் போனார்கள். அம்மா செருப்பைக் கழற்றியவர் அப்படியே படுத்து, வெளிச்சம் இருக்கும்போதே தூங்கிப்போனார். வாண்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பின்னக் கணக்கைத் திறந்து, அதைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டு, அவளும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்திரிகைக்காரர்கள் யாரும் வரவில்லை. ஆராய்ச்சிக்கூடம் அமைதியாக இருந்தது. வாண்டு சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிர் அறையின் கதவு திறந்தது. முதலில் அம்மா வந்தார், கடைசிச் சிட்டிகை மண்ணோடு. பின்னால் இன்னோர் ஆள் வந்தார். யாரென்று வாண்டுவுக்கு ஒரு நிமிடம் அடையாளம் தெரியவில்லை. தலையுறைக்கும் முகமூடிக்கும் இடையில் தெரிந்த கன்னம் உரித்த முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது.

அம்மா நின்ற இடத்தில் அவரும் நின்றார். அம்மா மூடியைத் திறந்தபோது அவரும் திறந்தார். அம்மா மூடியபோது அவரும் மூடினார். ஒரு முறை மூக்கு அரித்திருக்க வேண்டும், முகம் கோணியது. கை அசையவில்லை.

பிறகு இரண்டு பேரும் நீள நடையில் மெஷினை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். வாண்டு கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு மாமாவுக்குக் கையாட்டினாள்.

மாமா பார்த்தார். ஆனால் பதிலுக்குக் கையாட்டவில்லை. காலிக் குழாயை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து, அம்மாவின் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.